குழப்பமில்லை

சாலைக் கடைவீதியில் அரிசி மொத்தக் கடை ஒன்றில் எடை போடுகிறவன் நான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாளச் சீமைக்கு வந்து வெகுகாலமாயிற்று. மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஒரே ஒரு சொல் என்னைக் கவிழ்த்துவிட்டது.

என் அண்ணனுக்கு கிளாக்கோமாவில் பார்வை போனது. சத்தமில்லாமல் கண் நரம்பைத் தின்கிற நோய், கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்றார்கள். பயந்துபோய், பழவங்காடி அருகே கண்ணாடிக் கடைக்காரர்கள் நடத்திய இலவச முகாமுக்குப் போனேன். ஸ்கேன் எடுத்த ஜெஸ்லின் காகிதத்தை நீட்டினாள்.

"முழுக்க பச்சையாணு, அண்ணாச்சி. குழப்பமில்ல."

மலையாளத்தில் அதற்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் மேல்தான் கோபம். என் கண்ணைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் அந்த மகராசன். என் மனைவி மாடம்மாள் அன்றே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

அடுத்த சில வருடங்களில் கடையில் ஆட்கள் மேல் இடிக்க ஆரம்பித்தேன். படியில் கால் தவறியது. "காலைலயே ஊத்தியாச்சோ, அண்ணாச்சி?" என்றான் கூட வேலை செய்யும் சுஜின். வீட்டில் சொன்னதற்கு, "அதான் பச்சைன்னு போட்டிருக்குல்லா" என்றாள் மாடம்மாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இன்று கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்வப்னா விளக்கடித்து நரம்பைப் பார்த்தார். பிறகு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பாதி நேரம் பொத்தானுக்கு வேலையே இல்லை.

"அந்த மெஷின் உங்க நரம்பை மத்தவங்க நரம்போட ஒத்துநோக்கித்தான் நிறம் போடும். உங்களுக்குப் பிறவியிலேயே தடிச்ச நரம்பு. தேஞ்சு கொறைஞ்சப்பவும் பச்சைதான் காட்டியிருக்கு. அன்னைக்கே இந்த டெஸ்டும் செய்யணுமாயிருந்தது."

அறுபது கிலோ மூட்டை ஒழுகி ஒழுகி ஐம்பதில் நிற்கிறது. பக்கத்து மூட்டைகளும் ஐம்பதுதான். யாருக்குச் சந்தேகம் வரும்?

"போன பார்வை?" என்று கேட்டேன்.

"திரும்பி வராது. மருந்து விட்டா மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம்."

வெளியே வந்தேன். மாடம்மாள் கையைப் பிடித்த பிறகுதான் அவள் பக்கத்தில் நிற்பதே தெரிந்தது.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ?"

"குழப்பமில்லை" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. பிள்ளையாரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் காதில் விழுந்தது மலையாளம். நான் சொன்னது தமிழ்.