உங்கள் புகார் பெறப்பட்டது

"அடடே, பயிற்சி வந்தாச்சு!" என்று, செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப பயிற்சி இல்லக்கா. வேலைக்கே சேர்ந்துட்டேன்."

"சேரு, சேரு. பேரன் பேத்தி எடுத்தாலும் இங்க உன் பேரு பயிற்சிதான்."

படிப்புக்கு நடுவில் ஒரு வருடம் இதே அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தவள். கடைசி வருடத்தை முடித்துப் பட்டம் வாங்கிய கையோடு அவர்களே கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இவளுக்கு ஓர் இன்டர்வியூகூட இல்லை. அம்மா பூரித்துப் போய் அடுத்த வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். தன்னிடம் அப்படி என்னத்தைக் கண்டார்கள் என்று இவளுக்குத்தான் விளங்கவில்லை.

அதே ஜன்னலோர மேஜை, அதே ஆடுகிற நாற்காலி. கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் காரியமாகத் தான் எழுதிய பழைய புரோகிராமைத் தேடிப் போனாள். வாடகைக் குடியிருப்புகள் நடத்தும் ஒரு கம்பெனிக்காகச் செய்த செயலி அது. குழாய் ஒழுகினால், லிஃப்ட் நின்றால், குடியிருப்பவர்கள் அதில் புகார் எழுத வேண்டும்; அது பழுது பார்ப்பவர்களுக்குப் போக வேண்டும். புகார்ப் பக்கம் இவள் கைவேலை.

படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்று, மறுபடி மேலிருந்து படித்தாள்.

பயிற்சியில் இருந்தபோது, கம்பெனிக்காரர்களுக்குச் செயலியைக் காட்டியாக வேண்டிய அவசரம். பழுது பார்க்கும் பிரிவோடு இணைப்பு தயாராகவில்லை. 'சும்மா ஒரு பதில் வர்ற மாதிரி வை, அப்புறம் பாத்துக்கலாம்' என்றார்கள். வைத்தாள். யார் எதை எழுதி அனுப்பினாலும் 'உங்கள் புகார் பெறப்பட்டது' என்று பதில் வரும். புகார் எங்கும் போகாது. 'தற்காலிகம், நீக்கவும்' என்று மேலே ஒரு குறிப்பும் போட்டுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியிருந்தாள். குறிப்பும் அப்படியே இருந்தது, தற்காலிகமும் அப்படியே இருந்தது. அதற்குள் செயலி எல்லாக் கட்டடங்களிலும் ஓடத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அந்தக் கட்டடங்களில் ஒன்றின் ஐந்தாவது மாடியில்தான் இவள் குடும்பம் இருக்கிறது. லிஃப்ட் நின்றுபோனதிலிருந்து, மூட்டு ஆபரேஷன் ஆன அப்பா கீழே இறங்கவே இல்லை. ஆயுளெல்லாம் லாரி ஓட்டி ஊர் ஊராகச் சுற்றியவர். நாள் தவறாமல் புகார் எழுதுகிறார். 'எழுதிட்டே இருங்கப்பா, எப்படியும் போய்ச் சேரும்' என்று சொல்லிவந்தவளும் இவள்தான்.

நேரே அணித் தலைவரிடம் போனாள். எதைக் கேட்டாலும் 'நாளைக்குப் பாக்கலாம்' என்பவர். அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் நாளைக்கண்ணன்.

"அண்ணா, புகார் எதுவும் யாருக்கும் போகலை. நான் வச்ச டம்மியே ஓடிட்டிருக்கு."

"மெதுவா பேசும்மா."

"இதுல மெதுவா பேச என்னண்ணா இருக்கு? ஜனங்க எழுதிட்டே இருக்காங்க..."

"உக்காரு முதல்ல." கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நம்ம ஒப்பந்தத்தை ஏன் நீட்டிச்சாங்க தெரியுமா? செயலி வந்ததும் புகார் குறைஞ்சு போச்சாம். பழுது பாக்கிற ஆளுங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"குறையலைண்ணா. போகலை."

"அது உனக்கும் எனக்கும் தெரியும்."

"அவங்களுக்கு?"

"லிஃப்ட் நின்னா நின்ன இடத்துலதானே நிக்குது? கண்ணுல படாமயா இருக்கும்? ஆனா கேக்க மாட்டாங்க. கேட்டா ஆள் வைக்கணும்ல."

அவரே தொடர்ந்தார்.

"புகாரைக் குறைச்ச அந்தப் பக்கத்தை யார் செஞ்சதுன்னு நம்ம மேலிடத்துல கேட்டாங்க. உன்னைச் சொன்னோம். கூப்பிட்டு வேலை குடுக்கச் சொன்னாங்க."

அன்று மாலை ஐந்து மாடியும் ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா போனும் கையுமாக இருந்தார்.

"வாம்மா. இன்னிக்கும் ஒண்ணு தட்டிவிட்டேன். 'தங்கள் வேலைப்பளு அறிவேன்'னு மரியாதையாத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

"லவ் லெட்டர் எழுதறதுக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்ல இந்த மனுஷன்" என்றாள் அம்மா.

"உனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? உங்கப்பால்ல முதல்ல பிரிச்சுப் படிச்சிருப்பார்!" அப்பா சிரித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "இந்த மாடியில எல்லாரையும் எழுதச் சொல்லியிருக்கேன். என் பொண்ணு செஞ்ச பக்கம், தைரியமா எழுதுங்கன்னு. நீயும் இப்ப அங்கேயே போயிட்ட. உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொல்றேம்ப்பா."

வேறென்ன சொல்வாள்?

யாரையும் கேட்காமல் உண்மையான இணைப்பை அவளே எழுத ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. முடித்து டெஸ்டிங் அக்காவிடம் கொடுத்தாள். அக்கா தட்டிப் பார்த்துவிட்டு, "போகுதுடி! நிஜமாவே போகுது!" என்றாள். அந்தக் குரல் கேட்டு நாளைக்கண்ணன் எழுந்து வந்தார்.

"எடுத்துடும்மா."

"ஏண்ணா? நல்லாத்தானே வேலை செய்யுது?"

"அதனாலதான். ஒரே நாள்ல புகார் மலையா வந்து கொட்டும். ஒப்பந்தம் போயிடும். அது போனா இந்த அணி இல்ல. அக்கா சம்பளத்துலதான் அவங்க வீடு ஓடுது. அவங்ககிட்டயே கேளு, வேணுமான்னு."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் வெளிய சொல்லிடுவேன்" என்றாள் இவள்.

"சொல்லு. அந்தப் பக்கத்தை எழுதினது யாருன்னு கேட்பாங்க. உன் பேருதான் இருக்கு." மிரட்டுகிற மாதிரி இல்லை, களைத்துப்போனவர் பேச்சாகத்தான் இருந்தது. "இதை நாளைக்குப் பாக்கலாம். இப்ப அந்தக் கம்பெனியில வேற ஒண்ணு கேட்டிருக்காங்க. எப்பவும் ஒரே பதிலா வருதுன்னு யாரோ அவங்க ஆளைக் கட்டட வாசல்ல பிடிச்சுச் சண்டை போட்டாங்களாம். கொஞ்சம் மாத்தி மாத்தி வர்ற மாதிரி வை. கனிவா இருக்கட்டும்."

பொழுது சாயும்வரை அந்த இணைப்பைத் திறந்து திறந்து பார்த்தாள். பிறகு தான் எழுதியதைத் தானே நீக்கினாள். கனிவாக நாலைந்து பதில் எழுதி, பழைய பதில் இருந்த இடத்தில் வைத்தாள். அக்கா தட்டிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டு வாசல் திறந்து கிடந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைவாரி, வாசலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பதில் மாறிடுச்சும்மா!" போனை நீட்டினார். 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. விரைவில் ஒருவர் வருவார்.'

"காலையிலிருந்து இந்தக் கூத்துதான்" என்றாள் அம்மா. "வர்றவர் மாடியேறிக் களைச்சு வருவாராம், டீ போட்டு வைக்கணுமாம்."

"நீ பேசாம இரு. ஏம்மா, ஆபீஸ்ல சொன்னியா? நீ சொன்னதாலதானே இது?"

அவள் படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஆமாப்பா. நான் சொன்னதாலதான்."

"பாத்தியாடி, என் பொண்ணை!" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, படிக்கட்டு நன்றாகத் தெரியும்படி நாற்காலியை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டார் அப்பா.