சோற்றில் ஒரு முடி

மானகிரி வீரையா சாப்பாட்டில் குறை சொல்கிற ஆள் இல்லை. குழம்பில் உப்பு இல்லையென்றாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போவான். அப்படிப்பட்டவன் மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் கும்பாவில் விழுந்த சோற்றைப் பார்த்து, "முடி கிடக்கு" என்றான்.

அவன் மனைவி அம்மாக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. அவளுடைய கூந்தல் அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு, அந்தப் பெருமையை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை.

"எடுத்துப் போடுங்க" என்றாள்.

வீரையா இரண்டு விரலால் கிள்ளினான். முடி நழுவியது. மறுபடி கிள்ளினான். கடைசியில் அந்தப் பிடிச் சோற்றை அப்படியே அள்ளி மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். மறுநாளும் முடி கிடந்தது. அம்மாக்கண்ணு களத்துமேட்டுக்குப் போகிறவள் மாதிரி தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு பொங்கினாள். அப்போதும் கிடந்தது.

வீரையாவின் அக்காள் சோணையம்மாள் புருஷனை இழந்தபின் தம்பி வீட்டோடு இருந்தவள். அவள் ஒரு காலையில் அடுப்படிக்குள் வந்து அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இனிமே நான் பொங்குறேன். நீ மாட்டைப் பாரு."

அகப்பையைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை மிச்சமிருக்கும்? அம்மாக்கண்ணு தொழுவத்தில் நின்று அழுதாள். மாடுகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சோணையம்மாள் சமைத்த சோற்றிலும் முடி கிடந்தது. "கறுப்பா நெளியுது" என்றான் வீரையா. சோணையம்மாள் தலையோ முழுக்க வெளுத்த பஞ்சு. அவள் தம்பி பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்து, "உன் முடிதான் காத்துல பறந்து வந்து விழுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இரண்டு பெண்களில் ஒருவராவது அந்தக் கும்பாவை உற்றுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கோபத்துக்குத்தான் எல்லாருக்கும் நேரம் இருந்தது.

அந்த வாரம் வீரையா கண்டனூரில் தேனம்மை ஆச்சி வீட்டுக்கு ஒரு வண்டி வைக்கோல் கொண்டுபோனான். முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் இழைத்துத் தேய்த்த புதுச் சுவர், உள்முற்றமான வளவின் வெயிலில் பளபளத்தது. அந்தச் சுவரில் முடி ஒன்று ஒட்டியிருந்தது. துடைத்தான். தள்ளிப் போயிற்று. அங்கே துடைத்தான். அங்கிருந்தும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"என்னப்பா வீரையா, சொவத்துல என்னத்தைத் தேடுறே?" என்று உள்ளிருந்து ஆச்சி கேட்டார்.

"முடி மாதிரி இருந்துச்சு ஆச்சி."

"பூசி இன்னும் ஈரங்கூடக் காயலை. அதுல ஏது முடி?"

வீரையா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். முடி வானத்தில் மிதந்தது. இடதுபக்கம் பார்த்தால் ஒரு நொடி பிந்தி இடதுபக்கம் வந்தது. கையால் கண்ணைப் பொத்தினான். காணோம். திறந்தான், இருந்தது.

மாடுகள் தாமாகவே ஊர் வந்து சேர்ந்தன. வண்டியில் உட்கார்ந்திருந்தவன் தன் தகப்பனை நினைத்துக்கொண்டிருந்தான். கடைசிக் காலத்தில் பார்வை போய், பக்கத்தில் இருக்கும் சொம்பைத் தடவித் தடவித் தட்டிவிடுவார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கொட்டிய தண்ணீரைத் தன் வேட்டியால் துடைப்பார். இன்றைக்கு ஒரு முடி, நாளைக்கு ஒரு வலை, அப்புறம் இருட்டு என்று வீரையா கணக்குப் போட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

அதன்பிறகு அவன் முடி என்ற பேச்சையே எடுக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சாப்பிட்டான். அதைத் தொழுவத்திலிருந்து பார்த்த அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. அருவருத்துக்கொண்டு தின்கிறார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பங்குனி உத்திரத்துக்குக் குன்னக்குடி போவோம். முருகனுக்கு முடி இறக்கப் போறேன்" என்றாள்.

"எதுக்கு?"

"தலையில முடியே இல்லைன்னா சோத்துல எப்படி விழும்?"

வீரையா எழுந்து மாடுகளை அவிழ்க்கப் போய்விட்டான்.

மலையடிவாரத்தில் முடி இறக்குகிற இடத்தில் நல்ல கூட்டம். அம்மாக்கண்ணு கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். கூந்தல் தரையில் படிந்தது. நாவிதர் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு, "பூமுடியா நுனியில கொஞ்சம் மட்டும் எடுத்தாப் போதுமாம்மா?" என்றார். அவருக்கே மனசு வரவில்லை போலிருக்கிறது.

"மொட்டை" என்றாள்.

கத்தி நெற்றிக்கு வந்தபோது வீரையா, "நிறுத்துங்கய்யா" என்றான். அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"முடி சோத்துல இல்லை புள்ள."

"பெறகு?"

"என் கண்ணுல இருக்கு. ஆச்சி வீட்டுச் சொவத்துலயும் இருந்துச்சு. வானத்துலயும் இருக்கு. இந்தா, இப்ப உன் மூஞ்சியிலயும் இருக்கு."

அம்மாக்கண்ணு முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் அவனையே பார்த்தாள்.

"என்னைய அடுப்படியை விட்டு விரட்டினாகளே, அப்ப வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

"அப்ப எனக்கே தெரியாது. தெரிஞ்சதும் பயந்துட்டேன். எங்க அய்யா மாதிரி ஆயிட்டா நீ என்ன செய்வே?"

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாள் இந்த மனுஷன் பயத்தைத்தான் தின்றுகொண்டிருந்தார், அருவருப்பை அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கண் இரண்டையும் ஈரக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப எந்திரிக்கிறீகளாம்மா?" என்றார் நாவிதர்.

"இல்லைய்யா. நீங்க எடுங்க." பிறகு புருஷனிடம், "முருகன்கிட்டக் காரணத்தை மாத்திச் சொல்லிட்டேன். இது உங்க கண்ணுக்கு" என்றாள்.

வீரையா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். திருவிழாக் கூட்டத்தில் ஓர் ஆண்பிள்ளை அழுவதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

திரும்புகிற வழியில் காரைக்குடியில் இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனாள். அவர் இருட்டறையில் உட்காரவைத்து, சின்னக் கண்ணாடியால் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார்.

"பார்வை போயிருமாய்யா?" என்று அவள்தான் கேட்டாள்.

"இதனால போகாதும்மா. வயசாக ஆகக் கண்ணுக்குள்ள இப்படி இழை மிதக்கும். வெள்ளையைப் பார்த்தா நல்லாத் தெரியும். இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கணும். ஆனா திடீர்னு மின்னலடிச்சாலோ, பூச்சி நிறையப் பறந்தாலோ, ஓரத்துல திரை விழுந்தாலோ அன்னைக்கே வந்துரணும்."

வெளியே வந்ததும் வீரையா அவள் மொட்டைத் தலையைப் பார்த்தான். "சும்மா போச்சே உன் முடி."

"சும்மாவா? பெறகு டாக்டரு வாயில இந்த வார்த்தை எப்படி வந்துச்சாம்?"

எப்படி வந்தது என்று கதை சொல்கிற எனக்கும் தெரியாது.

சோணையம்மாள் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அகப்பையை அடுப்பு மேட்டில் வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனாள். அவளுக்கு அதற்குமேல் இறங்கிவரத் தெரியாது. அம்மாக்கண்ணுவும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளையில்தானே தெரிகிறது என்று, பெரும்பாலும் கேழ்வரகுக் களி கிண்டினாள். சோறு பொங்கினால் தானே குழம்பை ஊற்றிப் பிசைந்து வைத்தாள். வீரையா வெயிலில் போகும்போது தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டப் பழகினான். உழும்போது முடி குறுக்கே வந்தால் ஒருமுறை கண்ணை மேலும் கீழும் உருட்டி அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு உழவுச்சால் பிசகாமல் ஓட்டினான்.

தைப்பொங்கலன்று விருந்தின் கடைசியில் மோர்ச்சோறு. குழம்பு ஊற்றி மறைக்க வழியில்லை. கும்பாவில் வைத்த கை அப்படியே நின்றது. தோள்வரைகூட வளராத முடியோடு அம்மாக்கண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கிடக்கா?"

"கிடக்கு."

"நீளமா?"

வீரையா உற்றுப் பார்த்தான். "நல்ல நீளம்."

"அப்ப அது என்னோடதுதான். சாமிக்குக் குடுத்தது போக உங்ககிட்ட மிஞ்சினது. இருந்துட்டுப் போகட்டும், சாப்பிடுங்க."