கிளிஞ்சலும் கரித்துண்டும்

1944 கோடையில் சாந்தோம் கடற்கரைக் குப்பமொன்றில் காலரா பரவியது. எல்லோருக்கும் கட்டாயமாக ஊசி போட வேண்டும் என்று ஒரு சாரார். கூடவே கூடாது என்று இன்னொரு சாரார். மயிலாப்பூரில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது.

ஒரு கூட்டத்தில் வக்கீல் பாண்டுரங்கன் எழுந்தார். "அந்தக் குப்பத்தில் காலரா கண்டவர்கள் நாற்பது பேர். அதில் இருபது பேர் ஊசி போட்டவர்கள். பாதிக்குப் பாதி! பிறகு எதற்கு இந்த ஊசி?"

கைத்தட்டல் ஓயவில்லை. கான்வென்ட் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஆனிக்கு மட்டும் ஏதோ இடித்தது. குப்பத்தில் மொத்தம் எத்தனை பேர் ஊசி போட்டார்கள் என்று யாருமே கேட்கவில்லையே!

மறுநாளே நோட்டும் பென்சிலுமாகக் குப்பத்துக்குப் போனாள். மீன் விற்கும் தேசம்மா வழிமறித்தாள்.

"இன்னா டீச்சரம்மா, தலைய எண்ணிக்கினு வர்றீங்க? ஊசி போட்டுமே எம்பொண்ணுக்கு வந்துச்சு. பொழச்சது அந்த மாதா புண்ணியம். அதான் நான் போட்டுக்கல."

"அதையும் எழுதிக்கிறேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன்."

அந்தப் பதில் தேசம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஆறு நாள் அவளே வீடுவீடாகக் கூட்டிப்போனாள். மொத்தம் அறுநூற்று இருபது பேர். ஊசி போட்டவர்கள் ஐந்நூறு, போடாதவர்கள் நூற்றிருபது.

எண்களைச் சொன்னபோது தேசம்மா விழித்தாள். ஆனி அவளை மணலுக்கு அழைத்துப் போனாள். ஆளுக்கொரு கிளிஞ்சலாக, ஊசி போட்டவர்களை இடப்பக்கம் வரிசையாக அடுக்கினார்கள், போடாதவர்களை வலப்பக்கம். பிறகு நோய் கண்டவர்களுக்காக இரு பக்கமும் இருபது இருபது கிளிஞ்சல்களை எடுத்துவிட்டுக் கரித்துண்டு வைத்தார்கள்.

இடப்பக்கம் கரியைத் தேட வேண்டியிருந்தது. வலப்பக்கம் எங்கே பார்த்தாலும் கரி.

தேசம்மா மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "ஏசுவே... இது நம்ம கண்ணு முன்னாடியேவா கெடந்துச்சு?"

ஆனி வரிசைகளைத் திரும்பவும் பார்த்தாள். இத்தனை நாள் கரும்பலகையில் எழுதி அழித்த கணக்கா இது? ஆறில் ஒருவர் என்பதும் இருபத்தைந்தில் ஒருவர் என்பதும் அவளுக்கு இப்போது முகங்களாகத் தெரிந்தன. ஒவ்வொரு கரித்துண்டின் வீட்டு வாசலிலும் அவள் நின்றிருக்கிறாள்.

சொல்லியனுப்பியதும் பாண்டுரங்கன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைகளுக்கு நடுவே வெகுநேரம் நடந்தார்.

"ஊசி போடாதவர்கள் வேறு தண்ணீர் குடித்திருக்கலாமே?"

"குப்பத்துக்கே ஒரே கொழாதான் சாமி," என்றாள் தேசம்மா.

அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு பத்து வீடுகளுக்குத் தானே போய்க் கேட்டார். ஒரு பெயர்கூடப் பிசகவில்லை. திரும்பி வந்தவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்னதில் பொய் இல்லையம்மா. ஆனால் அது எவ்வளவு பெரிய தப்பு!"

அடுத்த கூட்டத்தில் மேடையேறி அதையே சொன்னார். "கட்டாயப்படுத்துவதை இன்றும் எதிர்க்கிறேன். ஆனால் ஊசி காக்கிறது. என் கண்ணாலேயே பார்த்தேன்." இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

அந்த வாரம் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் குப்பத்தில் வரிசை கட்டி நின்றார்கள். முதல் ஆளாகத் தேசம்மா கையை நீட்டினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.