வாளெடுத்த சாஸ்தாவின் கை

தென்காசியிலிருந்து காசிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிற மாடக்கண்ணுவுக்குப் புத்தரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்தபோது கயாவில் பல வருஷம் கிடந்தவர். இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் யாத்திரைத் தொழிலில் இறங்கிவிட்டார். வாசுதேவநல்லூர், ராயகிரி, செங்கோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் பென்ஷன் வாங்குகிற ஜோடிகளைச் சேர்த்து ரயிலேற்றுவார். காசியும் கயாவும் புண்ணியத்துக்கு. புத்தகயா, சாரநாத், சாஞ்சி எல்லாம், போகிற வழியில் பார்த்தால் நோட்டீஸ் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்பதற்கு.

புத்தர் சிலைக்கு முன்னால் நின்று அவர் சொல்லுகிற விளக்கம் மாறவே மாறாது. தலையில் ஆரம்பித்துக் கையில் முடிப்பார். "தலையைப் பாருங்க, நத்தை நத்தையா சுருட்டை முடி. காதைப் பாருங்க, தோளு வரைக்கும் தொங்குதா? கண்ணு பாதி மூடியிருக்கும். கை மடியில ஒண்ணு மேல ஒண்ணு, உள்ளங்கை மேல பாத்து. அதுக்குப் பேரு தியானம். எல்லாரும் பாத்தாச்சுன்னா வண்டிக்கு வாங்க." கூட்டத்தில் பாதிப் பேர் அதற்குள் வண்டிக்குப் போயிருப்பார்கள். மீதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பா சாம்பாரா என்று கேட்பார்கள்.

புத்தகயாவில் அரசமரத்தடியில் எந்தெந்த தேசத்துக்காரர்களோ உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருப்பதை அவர் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறார். கல்லைப் பார்த்து இப்படி அழ என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கியதே இல்லை. அவருக்கு அது டியூட்டி.

அவர் மனைவி பேராச்சிதான் யாத்திரைக்குச் சமையல். வடக்கே எந்தச் சத்திரத்தில் அடுப்பு நன்றாக எரியும், எந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிலைகளை மட்டும் அவள் பார்த்ததில்லை. போனவர்கள் திரும்பி வரும்போது இலை போட்டாக வேண்டுமே.

இது வடக்குச் சங்கதி. ஊர்ச் சங்கதி வேறு.

குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவில், சிற்றாற்றுக் கால்வாய் ஓரத்து மருத மரங்களுக்குள்ளே, மாடக்கண்ணு குடும்பத்தின் குலசாமி இருக்கிறது. பெயர் வாளெடுத்த சாஸ்தா. குனிந்து போகிற மாதிரி ஒரு கல் அறை. உள்ளே உட்கார்ந்த சாமி. உடம்பு முழுக்கச் சந்தனமும் எண்ணெயும் மஞ்சளும் அப்பி, கட்டி கட்டியாக இறுகிப்போன காப்பு. அதன்மேல் முட்டைபோலப் பிதுங்கிய வெள்ளிக் கண், முறுக்கிய பித்தளை மீசை, மடியில் நிமிர்ந்து நிற்கிற வீச்சரிவாள். சின்ன வயதில் மாடக்கண்ணு அந்த வாசலில் நின்று பயத்தில் டவுசரை நனைத்திருக்கிறார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனி உத்திரத்தன்று, பழைய காப்பைக் களைந்து புதுக்காப்பு சாத்துவார்கள். குடும்பத்தில் ஒரே ஒரு ஆண்தான் உள்ளே போகலாம். கோடித் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, கைத்தடவலிலேயே எல்லாம் செய்ய வேண்டும். வெற்றுடம்போடு சாமியைப் பார்த்தவனுக்குக் கண் போய்விடும் என்பது ஐதீகம். உள்ளே கை எதைத் தொட்டது என்று வெளியே வந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. சாமி மடியிலிருக்கிற அந்த அரிவாளைத் திரைக்கு வெளியே நீட்டினால், அதைக் கொண்டுதான் வாசலில் கிடா வெட்டு.

இத்தனை வருஷமும் உள்ளே போய்வந்தவர் மாடக்கண்ணுவின் அண்ணன் நயினார். போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். இந்த வருஷம் முழங்கால் ஆபரேஷன் ஆகி, காலை மடக்க முடியாமல் போய்விட்டது. அதனால் முறை தம்பிக்கு வந்தது.

முதல் நாளே தம்பியைக் கூப்பிட்டு நயினார் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். சொன்னதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உள்ள போனதும் மொத வேலை அரிவாளை எடுத்து வெளிய குடுத்துரு. காப்புல கை வைக்கதெல்லாம் பெறவு. அதை மட்டும் மறந்துராத."

ஏன் என்று மாடக்கண்ணு கேட்டார். சொன்னதைச் செய் என்று பதில் வந்தது.

இந்த வருஷத்துக் கிடா பேராச்சி நேர்ந்தது. போன ஐப்பசியில் மகள் மஞ்சுவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை. பேராச்சி ஆஸ்பத்திரி வாசலில் மண்டியிட்டு, என் பிள்ளையை எழுப்பிக் கொடு, ஒரு மயிர்கூட வெள்ளையில்லாத கருங்கிடா தருகிறேன் என்று சாஸ்தாவிடம் அழுதாள். மஞ்சு எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கடன் பேராச்சியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மஞ்சுவுக்கு லேசாகத் தலைவலி என்றாலும் பேராச்சி தொழுவுக்குப் போய்க் கிடாயைப் பார்த்துவிட்டு வருவாள். கொடுக்காமல் விட்டால் கொடுத்ததைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உண்மையைச் சொன்னால் மாடக்கண்ணுவுக்கும் இல்லை.

உத்திரத்தன்று காலையில் வெயில் சுள்ளென்று இருந்தது. அருவியில் பேருக்குத்தான் தண்ணீர். கால்வாயில் கணுக்கால் நனைகிற அளவுக்கு ஓடியது. கிடாயின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்பியது. சாமி சம்மதித்துவிட்டது என்று குலவை போட்டார்கள். காய்ச்சலில் முடி கொட்டிப்போன மஞ்சு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாடக்கண்ணு கண்ணைக் கட்டிக்கொண்டு குனிந்து உள்ளே போனார். திரை விழுந்தது.

உள்ளே ஒரே கற்பூர வாடை. வெளியே கொட்டுச் சத்தம். அந்தச் சத்தத்தில் அண்ணன் சொன்னது மறந்துபோயிற்று. ஆண்டுக்கணக்காகத் தலையில் ஆரம்பித்துக் கையில் முடித்தே பழகிய மனுஷன். அவர் கைகள் தானாகச் சாமியின் தலைக்குப் போயின.

பழைய சுவரில் காரை பெயர்வதுபோலக் காப்பு பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் கல் அருவிப் பாறையாகக் குளிர்ந்தது. விரலுக்குச் சொரசொரப்பாக ஏதோ பட்டது. உளி சரியாக இறங்காத கல் என்றுதான் முதலில் நினைத்தார். தடவத் தடவ அது சுருள் சுருளாக, வரிசை தப்பாமல் போய்க்கொண்டே இருந்தது. பக்கவாட்டில் இறங்கிய கையில் காது அகப்பட்டது. காதுமடல் முடிகிற இடத்தில் முடியவில்லை. இறங்கி, இன்னும் இறங்கித் தோளுக்கு வந்தது.

"காதைப் பாருங்க, தோளு வரைக்கும் தொங்குதா" என்று யாரோ சொன்னார்கள். அது தன்னுடைய குரல்தான் என்று தெரிந்தபோது மாடக்கண்ணுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வெள்ளிக் கண்களைப் பிடுங்கினார். அவற்றுக்கு அடியில் பிதுங்கிய விழி எதுவும் இல்லை. மெல்லத் தாழ்ந்த இமைகள் இருந்தன. கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றவருக்கு முன்னால் சாமி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பித்தளை மீசையைக் கழற்றினார். மேலுதடு மழுமழுவென்று இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மேலே போயிருந்தது. இடது தோளில் ஆடையின் விளிம்பு ஒரு கோடாக ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே விரல்கள் மடிக்கு வந்தன.

அரிவாளைச் சாமி பிடித்திருக்கவில்லை. மணிக்கட்டில் கயிறு போட்டு, சந்தனத்தை அப்பி, மனுஷன்தான் நிறுத்திவைத்திருந்தான். கயிற்றை அவிழ்த்து அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தை வழித்தார். ஒரு கையின்மேல் இன்னொரு கை. உள்ளங்கை மேலே பார்த்து. விரல்கள் எதையும் பிடிப்பதற்காக மடங்கவே இல்லை.

மாடக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புத்தர். சந்தேகமே இல்லை, புத்தர். இவரைக் காட்டத்தானே ஊர் ஊராக ஆள் சேர்த்து, ராவும் பகலும் ரயிலில் போய், வரிசையில் நின்று, வண்டிக்கு வாங்க வண்டிக்கு வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினோம். அவரானால் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், இந்த மருத மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். பிறந்த முடி எடுத்தது இவர் வாசலில். காது குத்தியது இவர் வாசலில். யார் செய்து வைத்தார்களோ, யார் யார் இங்கே வந்து உட்கார்ந்து எழுந்து போனார்களோ, அவர்களெல்லாம் எங்கே போனார்களோ. எத்தனை தலைமுறையாக எத்தனை கிடாயின் ரத்தம் வாசலில் ஓடியிருக்கும். அத்தனையையும் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி, கையை இப்படியே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாரே என்று நினைக்க நினைக்க அவருக்குத் தாங்கவில்லை. கட்டியிருந்த துணி நனைந்தது. அரசமரத்தடியில் அழுதவர்கள் எதற்கு அழுதார்கள் என்பது இப்போது தெரிந்தது.

கொட்டு நின்றது. "ஏலே, அரிவாள் எங்கலே?" என்று நயினாரின் குரல் கேட்டது.

மாடக்கண்ணு அரிவாளைக் கையில் எடுத்தார். எடுத்தவருக்குத் திரைக்கு வெளியே நீட்ட முடியவில்லை. நீட்டாமல் இருக்கவும் பயமாக இருந்தது. வெளியே மஞ்சு உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கே அவளுக்கு உடம்பு சுட்டால்? புத்தரைப் பற்றி அவர் மனப்பாடம் செய்திருந்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. நேர்ந்தவள் பேராச்சி, முடிவு சொல்ல வேண்டியவளும் அவள்தான் என்று பட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

பெண்பிள்ளை உள்ளே போவதாவது என்று வெளியே முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் புருஷன் குரல் சரியில்லை என்று பேராச்சிக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் கேட்காமல் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் தன் கண்கட்டை அவிழ்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தட்டுத்தடுமாறி அவள் கண்ணில் கட்டினார். பிறகு அவள் இரண்டு கையையும் பிடித்துச் சாமியின் மடியில் வைத்தார்.

வெகுநேரம் அவள் விரல் விரலாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மஞ்சு கை இப்படித்தாங்க கெடந்துச்சு, ஆஸ்பத்திரில" என்றாள் கடைசியில். "மல்லாக்க, விரலை மடக்காம. ராவெல்லாம் அதைத்தான பிடிச்சிக்கிட்டு இருந்தேன். இந்தக் கையிலயா நாம அரிவாளைக் கெட்டி வச்சிருக்கோம்?"

இது யார் என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க கூட்டம் கூட்டமா கொண்டுபோயி காட்டுவீங்களே, அவரா? நான் எங்க கண்டேன், எனக்கு அடுப்படிதான. இப்பதான் பாக்குதேன்."

அதற்குமேல் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. கிடாயை வெட்டவா, விடவா? கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"இது கேக்குத கை இல்லங்க. அரிவாளை இங்க தாங்க."

கண்கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, அரிவாளும் கையுமாகப் பேராச்சி வெயிலுக்கு வந்தாள். வெட்டுகிறவர் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கிடாயின் கயிற்றை அறுத்தாள். என்ன நடந்தது என்று கிடாய்க்கே முதலில் புரியவில்லை. பிறகு போய்ப் படையலுக்கு விரித்த வாழையிலையைக் கடிக்க ஆரம்பித்தது. மஞ்சு சிரித்துவிட்டாள். மற்ற எல்லோரும் நயினாரைப் பார்த்தார்கள்.

நயினார் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தார்கள். அவர் திரைக்கு முன்னால் வந்து நின்ற தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் அப்பிய தம்பி கைகளையும் பார்த்தார்.

"தலையில இருந்து ஆரம்பிச்சிட்டியோ?"

"ஆமாண்ணே. மறந்துட்டேன்."

நயினார் மண்ணைப் பார்த்தபடி சொன்னார்.

"அதுக்குத்தாம்லே அரிவாளை மொதல்ல எடுக்கச் சொன்னேன். அந்தக் கையைத் தொட்ட பெறவு எவனால குடுக்க முடியும்?"

பொங்கல் பானையை ஏற்றுங்கள், இன்றைக்கு அது போதும் என்று நயினார் சொன்னார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை உள்ள கூட்டிட்டுப் போ. கிடா வெட்டாத உத்திரத்துல ஒரு தடவை அந்தக் கையைத் தொட்டுக்கிடுதேன்."

பேராச்சி நெற்றியிலிருந்த துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். மாடக்கண்ணு அதை வாங்கி அண்ணன் கண்ணில் கட்டினார்.