மணை மேல் நின்று பார்த்தவர்

எங்கள் ஆத்துக்கு ஃப்ரிட்ஜ் வந்தது 1974 தை மாதம். என் கணவர் ஸம்பத்குமார் திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தா. மாற்றலாகிப் போன முன்சீப் ஒருவர் விற்றுவிட்டுப் போனதை வாங்கி வந்தார். பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கான பால் அதில் இருக்குமாம், அதனால் குளித்து மடியாக இருப்பவர்கள்தான் தொட வேண்டும் என்று மாமியார் நிபந்தனை போட்டார். மாமியாருக்கு வாதம், உலர்ந்த பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டே மடி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. எனக்கு ஏது? விடியற்காலையில் கிணற்றடியில் குளித்து, பிழிந்த ஈரப்புடவையோடு, வெறுங்காலோடு நான்தான் போய்ப் பால் எடுக்க வேண்டும்.

ஆடியில் அது ஒழுக ஆரம்பித்தது. அடியிலிருந்து கசிந்து தினமும் சமையலறைத் தரை குளமாகிவிடும். அதற்கு இரண்டு நாள் கழித்து, கைப்பிடியைத் தொட்டதும் சுரீரென்று ஏதோ என் முழங்கை வரை ஏறியது. மறுநாளும் ஏறியது.

சொன்னேன். சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்து, பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு, தண்ணீர் துடைத்த தரையில் நின்று அவர் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"பிரமைடி மரகதம்" என்று சிரித்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் மாமியார்.

அதற்குப் பிறகு சொல்வதை நிறுத்தினேன், பயப்படுவதை நிறுத்த முடியவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு திறந்து பார்த்தேன். அதுவும் ஈரம்தானே, என்ன பிரயோஜனம்? ஒரு நாள் விரல்கள் கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டன. பிடுங்கிக்கொண்டு பின்னால் விழுந்தேன். பால் கொட்டிப்போனது. பால் கொட்டியதற்கு மட்டும் திட்டு விழுந்தது. அன்றைக்குத் தோன்றியது, நான் இந்தத் தரையில்தான் சாகப்போகிறேன் என்று.

முதல் ஷாக் அடித்த பதினெட்டாம் நாள், தண்ணீரைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் மாமியாரே மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னதுரை வந்தார். அம்பத்தூர்ப் பக்கம் கம்பெனி வேலை, லீவு நாளில் ரிப்பேர். அவரைச் சமையலறைக்குள் விட மாமியார் சம்மதிக்கவில்லை. கொல்லை வாசற்படிக்கு வெளியே நின்று அவர் சொல்ல, உள்ளே என் கணவர் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. வைத்தியர் தெருவில், நோயாளி கட்டிலில்.

"தண்ணி அப்புறம் பாப்போம் சார். மொதல்ல ஷாக்கு கீதான்னு பாருங்க" என்று சின்னதுரை ஒரு டெஸ்டரை நீட்டினார். "முனைய பெட்டில வச்சி, மேல இருக்கிற வில்லைய வெரலால தொடுங்க. கரண்ட் இருந்தா செவப்பா எரியும்."

"பட்டு நனையப் போறதுடா, இதும்மேல ஏறிக்கோ" என்று மாமியார் தண்ணீரில் ஒரு மர மணையைப் போட்டார். என் கணவர் மணை மேல் ஏறி நின்று டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"எரியலை" என்றார்.

"அப்போ கரண்ட் இல்ல சார்" என்றார் வெளியிலிருந்து சின்னதுரை.

"கேட்டியோன்னோ?" மாமியார் என் பக்கம் திரும்பினார். "தளிகைக்கு நாழியாறது. போய்ப் பாலை எடு."

நான் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தேன். புடவை சொட்டிக்கொண்டிருந்தது. போனேன். கை பாதி வரை நீண்டது, அதற்கு மேல் நகரவில்லை. வேற்று ஆணோடு அந்த ஆத்தில் நான் பேசியதே கிடையாது. பயம் வெட்கத்தைத் தின்றுவிட்டது.

"ஈரத்தோட தண்ணியில நின்னு தொட்டா மட்டும்தான் பிடிக்கறது" என்று வாசற்படியைப் பார்த்துக் கத்தினேன்.

"அம்மா, தொடாதம்மா! கைய எடு!" சின்னதுரை அலறினார். "சார், நீங்க எது மேல நின்னுகினு வச்சீங்க?"

"மணை மேலதான்."

"அய்யோ சார், கட்டை மேல நின்னா கரண்ட் தரைக்கு போவாது, அது எப்டி எரியும்? எறங்கி நில்லுங்க, டெஸ்டர் முனைய மட்டும் வைங்க."

அவர் இறங்கினார். டெஸ்டரை வைத்தார். குன்றிமணி அளவுக்கு ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது. பதினெட்டு நாளாக என்னை நம்பாதவர்கள் இருவரும் அந்தக் குன்றிமணியை உடனே நம்பினார்கள்.

மெயினை அணைத்தோம். சின்னதுரையை உள்ளே விடுவதற்குப் பதிலாக ஃப்ரிட்ஜையே கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனோம். தண்ணீர் போகும் குழாயை, உள்ளே வைத்த துளசி இலை அடைத்திருந்தது. பின்னால் ஒயரை எலி கடித்திருந்தது.

"ஒயரோட செம்புக்கம்பி பெட்டில முழுசா படல சார். ஒரு நெல்லு மொனை எடவெளி பாக்கி. பட்டிருந்தா புடிச்ச கைய உட்டிருக்காது" என்ற சின்னதுரை, ப்ளக்கைத் தூக்கிக் காட்டினார். "கரண்ட தரைக்கு எறக்குற எர்த்து கம்பிய யாரு வெட்னது?"

"சுவத்துல ப்ளக்குக்கு ரெண்டு ஓட்டைதான் இருந்தது" என்றார் என் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

சின்னதுரை ஒயரை மாற்றினார். ஜன்னல் வழியாகக் கொல்லையில் இருந்த கை பம்பின் இரும்புக் குழாய் வரை எர்த் கம்பி இழுத்தார். ஃப்ரிட்ஜ் மறுபடி உள்ளே வந்தது. ப்ளக்கைச் சொருகி, இந்த முறை ஈரத்தரையில் நின்றே டெஸ்டரை வைத்தார் என் கணவர். எரியவில்லை. ஆனால் ஒருமுறை ஏமாற்றிய டெஸ்டரை யார் நம்புவது?

பால் இன்னும் உள்ளேதான் இருந்தது. மாமியார் மெல்ல என்னைப் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து என் கணவரும் என்னைப் பார்த்தார்.

கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நனைச்சுண்டு நீங்க தொடுங்கோ."

"என்னடி பேச்சு இது?" என்றார் மாமியார். என் கணவர் அம்மாவைப் பார்க்கவில்லை. வாளியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பட்டு காலோடு ஒட்டியது. கைப்பிடிக்குப் போன கை பாதியில் நின்றது. எனக்கும் பயம்தான், அவரை விடப் பயம். வேண்டாம் என்ற சொல் வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தொட்டார். ஒன்றுமில்லை. திறந்து பாலை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"தினமும் இப்படிப் பயந்துண்டா தொட்டே?" என்று கேட்டார்.

"தினமும்" என்றேன்.