யங் வீதியில் நிற்க வேண்டிய இடம்

சுற்றுலா வழிகாட்டியாகக் கிளடிஸ் பேசும்போது அதுவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள், கைபேசியை நோண்டியிருக்கிறார்கள், கோப்பி வாங்கிவருகிறேன் என்று போய்த் திரும்பாமலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஓகஸ்ட் சனிக்கிழமை, யங் வீதி நடைபாதையில், கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் "இது பொய்" என்றது.

'போர்க்காலத் தலைநகர்' என்று அந்த நடைக்குப் பெயர். ஒன்ராறியோ மாகாணத்தின் தலைநகரில் போர் என்ன செய்தது என்பதைக் காலால் நடந்து பார்ப்பது. பழைய நகர மண்டபத்தின் முன்னால் நிற்கும் போர் நினைவுத் தூணில் தொடங்கி, யங் வீதியில் ஒரு காலத்தில் கிரேக்கர்களின் சாப்பாட்டுக் கடைகள் இருந்த மூலை வழியாகப் போகும். 1918 ஓகஸ்டில், முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில், காயப்பட்டு வந்த படைவீரர் ஒருவரைக் கிரேக்கக் கடையொன்றில் அடித்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சுப் பரவியது. ஊர் திரும்பியிருந்த வீரர்களும் அவர்களோடு சேர்ந்த பெருங்கூட்டமும் கடை கடையாக உடைத்தார்கள். ஓரிரவோடு நிற்கவில்லை அது. இதைத்தான் கிளடிஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குறுக்கிட்டவர் அறுபது வயது தாண்டிய கீத். உயரமான மனிதர்.

"என் தாத்தா அந்தப் போரில் விஷவாயுவைச் சுவாசித்து, பாதி நுரையீரலோடு வந்தார். அவரைப் போன்றவர்களைக் காடையர்கள் என்கிறீர்கள். நீங்கள் எந்த நாடு? அங்கே இப்படி ஒன்றும் நடந்ததில்லையா?"

எல்லோரும் கிளடிஸைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

"நடந்தது," என்றாள். "ஆனால் இப்போது நாங்கள் யங் வீதியில் நிற்கிறோம்."

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொன்னாள். அவள் முடிக்கும் முன்பே கீத் போய்விட்டார்.

திங்கட்கிழமை மெலனி கூப்பிட்டாள். இந்த நடைகளை நடத்தும் சிறிய சுற்றுலா நிறுவனம் அவளுடையது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கிளடிஸின் மன்னார்ச் சொந்தக்காரர் ஒருவரின் மகள்.

"அன்ரி, நீங்கள் சொன்னது உண்மையெண்டு எனக்குத் தெரியும். ஐ நோ. ஆனா குறுக்க கதைச்ச அந்த மனுசன்தான் செப்ரெம்பர் குறூப்பைக் கொண்டு வாறவர். முழுப்பேரும் அந்த யுத்தத்துக்குப் போன ஆக்களின்ர பேரப்பிள்ளையள். அந்த ஒரு ஸ்ரொப்பில மட்டும் நிக்காம, ஜஸ்ற் நடந்து போங்கோவன்."

"கதைக்காமலோ?"

"வேற ஏதும் கதையுங்கோ. எத்தினை கட்டடம் இருக்கு."

"பிள்ளை, அந்த மூலையில நிக்கேலாதெண்டா நான் அந்தக் குறூப்பைக் கூட்டிக்கொண்டு போக மாட்டன்."

"அப்ப நான் மற்ற கைட் ஜஸ்ரினைத்தான் போடவேண்டி வரும் அன்ரி. ப்ளீஸ், கோவிக்காதேங்கோ."

"போடும். ஆனா முதல்ல எனக்கொரு அலுவல் செய்யும். அந்த மனுசனுக்கு ஃபோன் எடுத்து, வாற ஞாயிறு காலமை தனிய என்னோட ஒருக்கா நடக்க வரச் சொல்லும். காசு வேண்டாம். முழுக்கக் கேட்டுப்போட்டு அவர் என்னவும் சொல்லட்டும்."

அன்று மாலை நகரின் கிழக்கோரம் ரூஜில் உள்ள வீட்டில், பிறம்ரனிலிருந்து வேலை முடிந்து வந்த கணவர் சீமோன் சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"உம்மட கதையைச் சொல்லுமன்," என்றார். "வெள்ளவத்தைக் கடையைச் சொல்லும். அதுக்குப் பிறகு ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்."

கிளடிஸின் அப்பா வெள்ளவத்தையில் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். தமிழர் கடைகளைத் தேடித் தேடி எரித்த எண்பத்து மூன்று யூலையில் அவளுக்குப் பதினொரு வயது. எதிர் வீட்டு மாடியிலிருந்து அவள் பார்த்தாள். கடைக்குள் புகை எழும்பிக்கொண்டிருக்க, பற்றிசும் ரோல்சும் அடுக்கும் கண்ணாடி அலுமாரியை இரண்டு பேர் வெளியே கொண்டு வந்தார்கள். மற்றதெல்லாம் நொறுக்கியவர்கள், அதை மட்டும் மூலை இடிபடாமல் பார்த்துப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீதியில் நின்ற பொலிஸ்காரர் விலகி வழிவிட்டார். அப்பா அதற்குப் பிறகு கடை நடத்தவேயில்லை.

"சொல்ல மாட்டன்," என்றாள் கிளடிஸ்.

"ஏன்? பொய்யே அது?"

"நான் அழுதாத்தான் அவையள் நம்புவினமெண்டா, அது நம்பினதில்லை. என்னில இரக்கப்பட்டு வாயை மூடுறது. அந்தக் கிரேக்கர் கடை உடைஞ்சது உடைஞ்சதுதானே? அதுக்கு ஏன் என்ர அப்பாவின்ர கடையைச் சாட்சிக்குக் கூப்பிடவேணும்?"

சீமோன் கையைக் கழுவிவிட்டு வந்தார். "நீர் பிடிச்ச பிடியை விடமாட்டீர்," என்றார். அதில் குறையும் இருந்தது, பெருமையும் இருந்தது.

கீத் வரமாட்டார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். ஞாயிறு காலை நினைவுத் தூணடியில், சட்டைப்பைக்குள் கைகளை விட்டபடி அவர் நின்றார். வணக்கம் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

கிளடிஸ் நேரே அந்த மூலைக்குப் போகவில்லை. எல்லோருக்கும் சொல்வது போலத் தூணடியிலேயே தொடங்கினாள். கையிழந்தும் காலிழந்தும், மூச்சு முட்டியும் போரிலிருந்து வந்து இறங்கியவர்களைப் பற்றிச் சொன்னாள். வேலையில்லாமல் அலைந்ததையும், தாங்கள் சாகக் கிடந்தபோது இங்கே யாரோ கடை போட்டுச் சம்பாதித்தார்கள் என்று அவர்கள் கொதித்ததையும் சொன்னாள். கிரேக்கர்களிலும் படைக்குப் போனவர்கள் இருந்தார்கள், அதை யாரும் கேட்க நிற்கவில்லை என்றாள். இடையிடையே தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் இரைந்துகொண்டு போனது. கீத் கூடவே நடந்தார்.

அந்த மூலைக்கு வந்ததும் அவரே நின்றார். இப்போது அங்கே கைபேசிக் கடையொன்று இருக்கிறது.

"தாத்தா அந்த மாதம் இந்த நகரத்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்," என்றார். "போரைப் பற்றி எல்லாம் சொல்லுவார். சேறு, எலி, செத்துப்போன நண்பன். அந்தக் கோடையைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்." பிறகு கேட்டார்: "அவர் இங்கே வந்திருப்பாரா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பாதி நுரையீரலோடு இருந்தவர் எப்படி ஓடியிருப்பார், எப்படிக் கல் எறிந்திருப்பார்? அந்த வார்த்தை கிளடிஸின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். செப்ரெம்பர் குழுவும் வரும்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "யாருடைய தாத்தா வந்தார், யாருடைய தாத்தா வரவில்லை என்று சொல்ல என்னிடம் ஒரு வழியும் இல்லை. கடைகள் உடைந்தது மட்டும் தெரியும்."

கீத் கடைக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை? நீங்கள் கிரேக்கர் இல்லையே."

"கிரேக்கர்தான் இதைச் சொல்ல வேண்டுமா?"

அவர் சிரிக்கவில்லை, ஆனால் முகம் தளர்ந்தது. "எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்காது," என்றார். "எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த இடத்தை வெட்ட வேண்டாம் என்று மெலனியிடம் சொல்லுகிறேன்."

செப்ரெம்பரில் குழு வந்தது. மெலனியும் வந்து ஓரமாக நின்றாள். நான் ஒருக்காலும் பார்த்ததில்லையே என்று சொல்லிச் சீமோனும் லீவு போட்டு வந்திருந்தார். மூலையில் கிளடிஸ் நின்று பேசத் தொடங்கியதும் குழுவில் இருந்த கணவன் மனைவி இருவர் முணுமுணுத்துவிட்டு விலகி நடந்தார்கள். அவர்கள் வீதியைக் கடக்கும்வரை கிளடிஸ் பொறுத்திருந்தாள். பிறகு குரலை உயர்த்தித் தொடர்ந்தாள். கீத் முன்வரிசையில் நின்று நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். ஒரு பெண், "பொலிஸ் என்ன செய்தது?" என்று கேட்டாள்.

"முதலில் நின்று பார்த்தார்கள்," என்றாள் கிளடிஸ். அந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு மற்றதையும் சொல்லி முடித்தாள்.

எல்லோரும் கலைந்த பின் மெலனி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "வாற வருசமும் நீங்கள்தான் அன்ரி."

"வாற வருசமும் அங்கதான் நிப்பன்," என்றாள் கிளடிஸ்.

ரெயினுக்கு நடக்கும்போது சீமோன் சொன்னார்: "உமக்குக் குரல் கொஞ்சமும் நடுங்கேல்லை."

"உள்ளுக்க பயமாத்தான் இருந்தது."

"ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"தெரிஞ்சிருந்தாலும் சொல்லித்தான் முடிச்சிருப்பன்," என்றாள் அவள். "நடவுங்கோ, பசிக்குது."