வரைந்த ஜன்னல்

சர் ஆம்புரோஸ் தர்க்கெல் தம் முன்னோரின் செங்கல் மாளிகைக்குச் சுண்ணாம்புக் கல்லால் புதிய முகப்பு எழுப்பியிருந்தார். வாசலுக்கு இருபுறமும் ஜன்னல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும் என்பதே அக்காலத்து நாகரிகம். கிழக்குக் கோடி அறையின் பழைய ஜன்னல் அவ்வரிசைக்குப் பொருந்தாமையால் அதை அடைத்துவிட்டனர். பொருந்திய இடத்திலோ உட்புறம் புகைபோக்கி நின்றது. ஆகவே அங்கே கல்லின்மீது வண்ணத்தால் ஒரு ஜன்னலை வரைந்தனர்.

அவ்வறை அவருடைய தங்கை லெட்டிஸினுடையது. நடக்க இயலாத அவளுக்குப் பகற்பொழுதெல்லாம் ஜன்னலருகில்தான். வேலை முடியும்வரை அத்தை வீட்டிலிருந்தவள் அன்று திரும்பினாள். அவளைப் புல்வெளியில் நாற்காலியோடு இறக்கினார்கள்.

“எப்படி இருக்கு, லெட்டி?”

“பிரமாதம் அண்ணா. என் ஜன்னல் எது?”

அவர் கைத்தடியால் சுட்டினார். “அதோ, கடைசி. பாதி திறந்த மாதிரியே வரைஞ்சிருக்கான் பாரு. பாதிரியாரே ஏமாந்துட்டார்.”

“அவர் வெளியில நின்னு ஏமாறலாம். உள்ள உக்காரப் போறவ நானாச்சே.”

கைத்தடி தாழ்ந்தது. “வரைபடத்துல நான் வெளிப்பக்கத்த மட்டுந்தான் பாத்தேன்.”

“அதான் தெரியுதே. பெரிய வீட்டுக்காரங்க எல்லாரும் இப்போ புல்வெளியிலதான் குடியிருக்காங்க போல.”

அவர் தனியே அவ்வறைக்குள் சென்றார். நண்பகலிலும் சுவரைத் தடவித்தான் நடக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

“பழைய ஜன்னலத் திறந்துடச் சொல்லுங்க அண்ணா.”

“ஒண்ணு தள்ளிப் போனா மொத்த முகப்பும் கோணிக்கும். அத மட்டும் கேக்காத. என் அறைய நீ எடுத்துக்கோ.”

“நீங்க?”

“உன்னோடதுல இருந்துக்கறேன். தூங்கத்தானே போறேன்.”

அவள் எவ்வளவோ மறுத்தும் அன்று மாலையே கட்டில்கள் இடம் மாறின.

மறுநாட்காலை லெட்டிஸ் அண்ணனின் ஜன்னலருகே அமர்ந்து, ஏரிக்கரையில் மான்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிற்றுண்டிக்குத் தாமதமாக வந்தவரின் மோவாயில் இரண்டு வெட்டுக்காயங்கள். சட்டைக் கையில் மெழுகு.

“மெழுகுவர்த்தி வெச்சுக்கிட்டா சவரம் பண்ணீங்க?”

“வெளிச்சம் போதுமாத்தான் இருந்துச்சு.”

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவி அவர்பால் நகர்த்தினாள்.

“நாளையிலேருந்து இங்க வந்து சவரம் பண்ணிக்கோங்க. ஆனா கதவத் தட்டிட்டுத்தான் வரணும்.”